மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு: கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயில் மைக்ரோ ஆர்என்ஏவின் இடம் (நிகழ்வு ஆய்வு)

இது தனி ஒருவருடைய கேஸ் ஷீட் அல்ல. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் பழைய வேலூர் மாவட்டத்தில் வழக்கமாகப் பார்க்கிற நோய்ப்போக்கையும், மைக்ரோ ஆர்என்ஏ (புரத உற்பத்தியைத் தணிக்கும் சிறு ஆர்என்ஏ துணுக்கு) ஆய்வில் திரும்பத் திரும்ப எழும் சிக்கல்களையும் சேர்த்து, பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. நோயாளியின் விவரங்களும் ஆய்வக அளவுகளும் கணக்கு புரிவதற்காகத் தரப்பட்டவை. மருத்துவத் தகவல்கள் நடைமுறையில் உள்ளவை.

நோயாளி

வயது 58. குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம், லுங்கி நெய்யும் குடும்பம், இரண்டு பிள்ளைகள். எடை 81 கிலோ, உயரம் 154 செ.மீ., உடல் நிறை குறியீடு 34. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். 51 வயதில் மாதவிலக்கு நின்றது. நான்கு மாதங்களாக விட்டுவிட்டு உதிரப்போக்கு.

“தீட்டு நின்னு ஏழு வருஷம் ஆச்சும்மா. மறுபடியும் படவே, உடம்பு சூடுன்னு நெனச்சு வெந்தயத்த ஊற வெச்சுக் குடிச்சேன். ரெண்டு வாரம் நின்னுச்சு, திரும்பவும் வந்துருச்சு.”

அந்த இரண்டு வாரம்தான் ஆபத்து. கட்டியிலிருந்து வரும் கசிவு தானாகவே நிற்கும், தானாகவே திரும்பும். நின்றதை எந்தக் கைமருந்தின் கணக்கில் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். போன ஆண்டு ஊரில் நடந்த முகாமில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்து ‘நார்மல்’ என்று சொல்லியிருந்தார்கள், அந்தத் தைரியமும் அவரைத் தாமதிக்க வைத்தது. முகாமில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது கர்ப்பப்பை வாயை மட்டுமே. கருப்பையின் உட்சவ்வைப் பற்றி அந்தப் பரிசோதனைக்கு எதுவும் தெரியாது. முகாம்களில் இதை வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும்.

மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்குடன் வரும் 100 பெண்களில் ஏறத்தாழ 9 பேருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கும். திருப்பிப் பார்த்தால், இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த உதிரப்போக்கு இருந்திருக்கும். இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே குரல் கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. இவருக்கு உடல் பருமனும் சேர்ந்திருக்கிறது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் நொதி ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். சினைப்பை ஓய்ந்துவிட்டதால் எதிர்த்து நிற்க புரோஜெஸ்டிரோன் இல்லை.

கண்டறிதல்

ஹீமோகுளோபின் 8.9. பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உட்சவ்வின் தடிமன் 17 மி.மீ., ஓரங்கள் ஒழுங்கில்லை. உதிரப்போக்கு உள்ள பெண்ணுக்கு இந்த அளவு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் இருந்தால் புற்றுநோய் இல்லை என்பது 99 விழுக்காட்டுக்கும் மேல் உறுதி. அதைத் தாண்டினால் திசு எடுத்தே ஆக வேண்டும்.

புறநோயாளிப் பிரிவிலேயே பைபெல் குழாய் வைத்துத் திசு எடுப்பதென்று முடிவானது. அப்போது மகன் கேட்டார்: “மேடம், அம்மா ரொம்ப பயப்படுறாங்க. இப்ப ஏதோ மைக்ரோ ஆர்என்ஏன்னு ரத்தத்துலயே பாக்குறாங்களாமே, அத எடுத்துப் பாத்துட முடியாதா?”

நியாயமான கேள்வி. இதற்கு எண்களால் பதில் சொல்லலாம். ஒரு ரத்தப் பரிசோதனை புற்றுநோய் உள்ளவர்களில் 85 விழுக்காட்டைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 85 விழுக்காட்டைச் சரியாக விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உதிரப்போக்குடன் வரும் 100 பேரில் 9 பேருக்கு நோய். அதில் ஏழெட்டுப் பேர் பிடிபடுவார்கள், ஒருவரோ இருவரோ ‘நெகட்டிவ்’ என்ற காகிதத்துடன் வீட்டுக்குப் போவார்கள். நோயில்லாத 91 பேரில் 13, 14 பேருக்குப் ‘பாசிட்டிவ்’ வரும். ஆகப் பாசிட்டிவ் வந்தவர்களில் மூன்றில் இருவருக்கு நோய் இராது, அத்தனை பேருக்கும் எப்படியும் திசு எடுக்க வேண்டும். தவறவிட்ட அந்த ஒருவருக்காக நெகட்டிவ் வந்தவர்களுக்கும் எடுக்க வேண்டும். பரிசோதனை ஒன்று கூடியதே தவிர ஒரு குழாய்கூடக் குறையவில்லை. ஸ்கேனில் 17 மி.மீ. என்று தெரிந்த பிறகு ரத்தத்தில் எது வந்தாலும் அடுத்த படி மாறாது. மகனுக்கு இதைப் பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டியபோது ஒத்துக்கொண்டார்.

பைபெல் ஏறக்குறைய 3 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுத்துவிட வேண்டும். ஸ்பெகுலம் வைத்து, கர்ப்பப்பை வாயைத் துடைத்து, குழாயைக் கருப்பையின் மேல்சுவர் தட்டும் வரை மெல்ல ஏற்றுவது. உள்தண்டை ஒரே இழுப்பில் கடைசி வரை இழுப்பது. குழாயைச் சுழற்றியபடி மூன்று நான்கு தடவை மேலும் கீழும் நகர்த்துவது. நகர்த்தும்போது குழாயின் துளை கர்ப்பப்பை வாய்க்கு வெளியே வந்துவிட்டால் உறிஞ்சும் விசை போய்விடும். ரத்தம் மட்டும் வரும், திசு வராது. வயதான பெண்களுக்கு வாய்ப்பகுதி சுருங்கியிருந்தால் பலவந்தமாக ஏற்றக் கூடாது. மெல்லிய விரிப்பான் போதும், இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து ஹிஸ்டெரோஸ்கோப்பி (கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது). உட்சவ்வு தடித்திருக்கும்போது ‘போதுமான திசு இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அதுவும் ஹிஸ்டெரோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டிய நிலைதான்.

எடுத்த திசு முதலில் நோய்க்குறியியல் துறைக்கு, 10 விழுக்காடு ஃபார்மலினில். நன்றாக நிறைந்து வந்திருந்தால் மட்டும், நோயாளியின் எழுத்து ஒப்புதலோடு, அரிசி அளவு துண்டு ஒன்று ஆய்வுக்கு. அது ஆர்என்ஏ காக்கும் கரைசலில் ஓர் இரவு 4 டிகிரியில் இருந்து, பிறகு கழித்தல் 80 டிகிரிக்குப் போகும். ஆய்வுக்கு வேண்டுமென்று நோய் நிர்ணயத்துக்கான திசுவைக் குறைப்பது எந்த நிலையிலும் சரியல்ல.

முடிவு: எண்டோமெட்ரியாய்டு வகைப் புற்றுநோய், கிரேடு 1. பி53 என்ற புற்று அடக்கிப் புரதத்தின் நிறமேற்றம் இயல்பு. டிஎன்ஏ பிழைகளைப் பழுதுபார்க்கும் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 புரதங்கள் இரண்டும் காணவில்லை. எம்ஆர்ஐயில் கருப்பைத் தசையின் பாதி ஆழத்தைத் தாண்டியிருந்தது.

திசுவில் மைக்ரோ ஆர்என்ஏ

மைக்ரோ ஆர்என்ஏ என்பது 22 நியூக்ளியோடைடு அளவே நீளமுள்ள துணுக்கு. 1993இல் ஒரு சிறு புழுவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். டிரோஷா, டைசர் என்ற இரண்டு நொதிகள் நீண்ட இழையை வெட்டி இந்தத் துணுக்கை உருவாக்குகின்றன. ஆர்கோனாட் புரதம் அதைச் சுமந்து போய்த் தூது ஆர்என்ஏவின் மேல் உட்கார வைக்கிறது, அதோடு அந்தத் தூது ஆர்என்ஏ தர வேண்டிய புரதத்தின் உற்பத்தி தணிகிறது. இலக்கைத் தீர்மானிப்பது துணுக்கின் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் மட்டும். அதனால் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும். சிகிச்சை என்று வரும்போது இதுவே தலைவலி.

கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயில் மிர்-200 (‘மிர்’ என்பது மைக்ரோ ஆர்என்ஏவின் சுருக்கம்) குடும்பமும் (200ஏ, 200பி, 200சி, 141, 429), மிர்-205, மிர்-182, மிர்-183 ஆகியவையும் கூடுகின்றன என்று பல ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. மிர்-205, பிடென் என்ற புற்று அடக்கியைத் தணிக்கும். மிர்-96, 182, 183 மூன்றும் ஃபாக்ஸோ1 என்ற புரதத்தைத் தணிக்கும். புரோஜெஸ்டிரோனின் வேலையை உட்சவ்வில் நடத்திக் கொடுப்பவற்றில் ஃபாக்ஸோ1 முக்கியமானது. மிர்-129-2 போன்ற சில, மரபணுவின் முகப்பில் மெத்தில் ஏறி வாயடைத்துப் போகின்றன. எம்எல்எச்1 மெத்திலேற்றம் உள்ள கட்டிகளிலேயே இது அதிகம் காணப்பட்டது.

நம் நோயாளியின் திசுவில் கணக்கு இப்படி. சிடி என்பது பிசிஆரில் துணுக்கு தெரிய வருவதற்கு ஆன சுற்றுகளின் எண்; எண் குறைந்தால் துணுக்கு அதிகம் என்று பொருள். ஒப்பீட்டுக்கு மிர்-191, மிர்-103 இரண்டின் சராசரி. கட்டியில் அது 22.0 சிடி, மிர்-205 24.1, வித்தியாசம் 2.1. கருப்பை இறக்கத்துக்காக அறுவை செய்த ஒருவரின் ஒடுங்கிய உட்சவ்வில் ஒப்பீடு 22.2, மிர்-205 31.3, வித்தியாசம் 9.1. இரண்டுக்கும் இடையே 7 சிடி. ஒவ்வொரு சிடியும் இரண்டு மடங்கு என்பதால் 128 மடங்கு. மிர்-200சி இதேபோல 3 சிடி வித்தியாசம், அதாவது 8 மடங்கு.

இந்த 8 மடங்கை அப்படியே ‘புற்றுநோயால் கூடியது’ என்று எழுதிவிடுவதுதான் ஆய்வுக் கட்டுரைகளில் பரவலான கோளாறு. மிர்-200 குடும்பம் எபிதீலிய (மேற்படல) செல்களின் சொத்து, அவற்றைத் தாங்கும் இணைப்புத் திசுவான ஸ்ட்ரோமாவில் அது மிகக் குறைவு. ஒடுங்கிய உட்சவ்வில் எபிதீலியம் 10 விழுக்காடு, மீதி ஸ்ட்ரோமா. கட்டித் துண்டில் எபிதீலியம் 80 விழுக்காடு. எபிதீலியத்தின் பங்கே 8 மடங்கு கூடியிருக்கிறது. ஒரு செல்லுக்குள் மிர்-200சி எள்ளளவும் மாறாமலேயே 8 மடங்கு கிடைத்துவிடும். மிர்-205க்கு இதே 8ஆல் வகுத்தாலும் 16 மடங்கு மிச்சம் நிற்கிறது. அதை நம்பலாம். மறுபுறத்தில் மிர்-143, மிர்-145 ‘குறைந்தன’ என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அவை தசை, ஸ்ட்ரோமா செல்களில் நிறைந்தவை. கட்டியில் தசை குறைவு என்பதாலேயே அவை குறைந்து தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் எபிதீலிய விழுக்காட்டை நோய்க்குறியியலாளர் எழுதித் தராமல் மடங்குக் கணக்கில் இறங்கக் கூடாது.

திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியிலிருந்து எடுப்பதானால் 10 மைக்ரான் சீவல் நான்கைந்து போதும். காற்று பட்ட முதல் சீவலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். துணுக்கு சிறியது என்பதால் தூது ஆர்என்ஏ சிதைந்துபோன பழைய மெழுகுக் கட்டிகளிலும் மைக்ரோ ஆர்என்ஏ தப்பித்திருக்கும். தப்பாத இடம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அறுவை முடிந்து, கருப்பையைப் பிளக்காமல் முழுசாக ஃபார்மலினில் போட்டுத் திங்கள் வரை விட்டுவிடுவது. ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ளே இறங்கும். அது போய்ச் சேருவதற்குள் நடுவில் இருக்கும் உட்சவ்வு அழுகத் தொடங்கியிருக்கும். மைக்ரோ ஆர்என்ஏ இருக்கட்டும், கிரேடும் பி53யுமே தப்பாகிவிடும். அறுவை அரங்கிலேயே பக்கவாட்டில் பிளந்து, திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் விரித்து வைப்பது ஐந்து நிமிட வேலை.

ரத்தத்தில்: முதல் இரண்டு மணி நேரம்

ஒரு ஆய்வில் கூடிய மைக்ரோ ஆர்என்ஏ இன்னொன்றில் குறைந்து காணப்படுவதற்குப் பெரும் காரணம் புற்றுநோய் அல்ல, ரத்தக் குழாயைக் கையாண்ட விதம். சிவப்பணுக்களுக்குள் மிர்-451ஏ, மிர்-16, மிர்-486 குவிந்து கிடக்கின்றன. கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலும் பிளாஸ்மா முழுக்க அதுவே தெரியும்.

இவருடைய முதல் மாதிரி ஏற்கெனவே போட்டிருந்த மெல்லிய வென்ஃப்ளான் (கை நரம்பில் பொருத்திய ஊசிக்குழாய்) வழியாக, சிரிஞ்சால் இழுத்து எடுக்கப்பட்டது. மே மாத வெயிலில் குடியாத்தத்திலிருந்து வேலூர் ஆய்வகத்துக்கு ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்து வந்தது. வெயிலுக்குப் பயந்து வைத்த ஐஸே கெடுத்துவிட்டது. குழாயின் ஒரு பக்கம் உறைந்தால் சிவப்பணு உடைந்துபோகும். பிளாஸ்மா கண்ணுக்கு இளஞ்சிவப்பாகக்கூடத் தெரியவில்லை. மிர்-23ஏ 25.1, மிர்-451ஏ 16.8, வித்தியாசம் 8.3. இந்த வித்தியாசம் 5க்குக் கீழ் இருந்தால் நல்ல மாதிரி. 7ஐத் தாண்டினால் செவ்வணுச் சிதைவு என்று தள்ள வேண்டும். தள்ளப்பட்டது. மிர்-16ஐ ஒப்பீடாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், சிதைவால் அது 2 சிடி முன்னால் வந்து, மற்ற எல்லாமே 4 மடங்கு குறைந்ததாகக் காட்டியிருக்கும். அதையே புற்றுநோயின் அடையாளம் என்று நம்பியிருப்போம்.

அறுவைக்கு முந்தின நாள் எடுத்த இரண்டாவது மாதிரி: 21 கேஜ் ஊசி, கட்டுப்பட்டை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்ப்பு, எடிடிஏ குழாய், குலுக்காமல் எட்டுத் தடவை மெல்லக் கவிழ்ப்பு. ஹெபாரின் குழாய் ஆகவே ஆகாது, அது பிசிஆரை முடக்கும். எடுத்த இடத்திலேயே இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்சி. முதலில் 1,900 ஜி விசையில் 10 நிமிடம். வெள்ளணுப் படலத்துக்கு மேல் அரை செ.மீ. விட்டு உறிஞ்சி, புதுக் குழாயில் 12,000 ஜி விசையில் இன்னொரு 10 நிமிடம். இரண்டாவது சுழற்சி தட்டணுக்களை ஒழிக்க. மிர்-21 போன்றவை தட்டணுவிலும் ஏராளம்.

தாலுகா அளவிலான மையங்களில் மேசைச் சுழற்சிப் பொறியில் ‘3000 ஆர்பிஎம்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆர்பிஎம் விசையல்ல. 1.118ஐ நூறாயிரத்தால் வகுத்து, ஆரத்தை செ.மீ.யிலும் ஆர்பிஎம்மின் வர்க்கத்தையும் பெருக்கினால் ஜி வரும். 10 செ.மீ. ஆரமுள்ள பொறியில் 3000 ஆர்பிஎம் என்பது 1,006 ஜி மட்டுமே. அதே எண் 16 செ.மீ. பொறியில் 1,610 ஜி. இரண்டு மையங்களில் ஒரே எண்ணைப் பின்பற்றி இரண்டு விதமான பிளாஸ்மா வருவது இப்படித்தான்.

இரண்டாவது மாதிரியின் வித்தியாசம் 4.3. 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் சிதைப்புக் கரைசல் ஊற்றிய பிறகே, பிரித்தெடுப்பைச் சரிபார்ப்பதற்கான புழுவின் செயற்கை மிர்-39ஐக் கலக்க வேண்டும். முன்னால் ஊற்றினால் பிளாஸ்மாவின் ஆர்என்ஏஸ் நொதி அதைத் தின்றுவிடும், பிரித்தெடுப்பு தோற்றுவிட்டதாகத் தோன்றும். பிளாஸ்மா ஆர்என்ஏவை நேனோடிராப்பில் அளப்பதில் பயனில்லை, அளவு அவ்வளவு குறைவு. எல்லா மாதிரிக்கும் ஒரே கன அளவு எடுப்பதே வழி. 35 சிடியைத் தாண்டியதை எண்ணாகக் கொள்ளக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மிச்சம் நிற்கிறது. மருத்துவமனை ஊழியர்களில் ஆரோக்கியமான இருபது முப்பது பேரைக் கூப்பிட்டு ஒப்பிட்டால், வேறுபடுவது சர்க்கரையா, பருமனா, ரத்தசோகையா, புற்றுநோயா என்று பிரிக்கவே முடியாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் மட்டும் இருந்தாலே பிளாஸ்மாவின் மிர்-126 குறைகிறது. ஒப்பிட வேண்டியவர்கள் அதே வயதில், அதே சர்க்கரையும் எடையுமாக, அதே உதிரப்போக்குடன் வந்து, திசுவில் வெறும் பாலிப் என்று தெரிந்த பெண்கள். மருத்துவர் முன் இருக்கும் உண்மையான கேள்வி அவர்களைப் பிரிப்பதுதான். எழுத்து ஒப்புதலில் இன்னொன்றும் இருந்தது: ஆய்வு எண்கள் நோயாளியின் மருத்துவக் கோப்பில் சேராது, சிகிச்சையை மாற்றாது.

அறுவையும் பிறகும்

லேப்ராஸ்கோப்பி மூலம் கருப்பை, இரு சினைப்பைகள், குழாய்கள் நீக்கம். கர்ப்பப்பை வாயில் 3 மணி, 9 மணி நிலைகளில் இண்டோசயனின் கிரீன் சாயம் செலுத்திக் காவல் நிணநீர் முடிச்சு எடுப்பு. கருப்பையைத் துண்டாக்காமல் முழுதாகப் பிறப்புறுப்பு வழியே எடுத்தார்கள். இறுதி அறிக்கை: கிரேடு 2, தசையில் 60 விழுக்காடு ஆழம், ரத்தநாள ஊடுருவல் இல்லை, முடிச்சுகளில் நோய் இல்லை. பயாப்சியில் கிரேடு 1, முழு உறுப்பில் கிரேடு 2 என்று ஏறுவது அடிக்கடி நடப்பது. போல்-ஈ மரபணுவில் மாற்றமில்லை. 2023 ஃபிகோ (பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) முறையில் நிலை 1பி. பழுதுபார்ப்புப் புரதம் இல்லாதது நிலையை மாற்றாது. ஆனாலும் பதிவில் இருக்க வேண்டும், நோய் திரும்பினால் நோயெதிர்ப்பு மருந்துக்கு வழி திறப்பது அதுதான். எம்எல்எச்1 முகப்பில் மெத்திலேற்றம் உறுதியானதால் லின்ச் என்ற பரம்பரை நோய்க்கூறு அல்ல. இடைநிலை அபாயம் என்ற கணக்கில் பிறப்புறுப்பு பிராக்கிதெரபி (உள்ளிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு): 7 கிரே வீதம் மூன்று முறை.

மைக்ரோ ஆர்என்ஏவை மருந்தாக்குவது

இன்று எந்த நோய்க்கும் அனுமதி பெற்ற மைக்ரோ ஆர்என்ஏ மருந்து கிடையாது. மிர்-34ஏவைக் கொழுப்புக் குமிழில் அடைத்துக் கொடுத்த எம்ஆர்எக்ஸ்34 மனிதச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளும் உயிரிழப்புகளும் ஏற்பட்டு 2016இல் நிறுத்தப்பட்டது. ரத்தத்தில் ஏற்றிய துணுக்கைச் சிறுநீரகம் வெளியே தள்ளும், மிச்சத்தைக் கல்லீரல் பிடித்துக்கொள்ளும். செல்லுக்குள் போனாலும் பெரும்பகுதி எண்டோசோம் பைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இந்தப் புற்றுநோய்க்கே உரிய சிக்கல் இன்னும் ஆழமானது. மிர்-200 கட்டியில் கூடியிருக்கிறது, ஆகவே அடக்கினால் நல்லது என்று தோன்றும். ஆனால் அது ஜெப்1, ஜெப்2 புரதங்களை அடக்கி, செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடரினைக் காக்கிறது. கார்சினோசார்கோமா என்ற தீவிர வகைக் கருப்பைப் புற்றில் பரவும் தன்மையுள்ள பகுதியில் மிர்-200 விழுந்துவிடுகிறது. அடக்கப்போய்க் கட்டியை இடம்பெயரும் வகைக்குத் தள்ளிவிட வாய்ப்புண்டு. இதற்கு நேரெதிராக, 2009இல் தீவிர வகைக் கருப்பைப் புற்றுச் செல்களுக்கு மிர்-200சியைத் திருப்பிக் கொடுத்தபோது ஊடுருவல் குறைந்தது; டியூப்பி3 என்ற டியூபுலின் புரதம் குறைந்து, பாக்லிடாக்சல் என்ற புற்று மருந்து மறுபடி வேலை செய்தது. ஒரே துணுக்கு ஒரு வகைக்கு அடக்க வேண்டியதாகவும் இன்னொரு வகைக்குக் கொடுக்க வேண்டியதாகவும் இருக்கிறது. வகை பிரிக்காமல் ‘கருப்பைப் புற்றுக்கு மிர்-200’ என்று பேசுவதில் பொருளில்லை.

பயன் முதலில் வர வேண்டிய இடம் வேறு. குழந்தை வேண்டும் என்று கருப்பையைக் காத்துக்கொள்ளும் இளம்பெண்கள். கிரேடு 1, தசையில் ஊடுருவல் இல்லாதவர்கள். அவர்களுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. வளையமோ புரோஜெஸ்டின் மாத்திரையோ கொடுத்து, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசு எடுத்துப் பார்க்கிறோம். யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதை முதல் நாளே சொல்லும் கருவி இல்லை. முதல் பயாப்சியிலேயே 96, 182, 183 கூடி ஃபாக்ஸோ1 விழுந்திருக்கும் பெண்ணுக்குப் புரோஜெஸ்டின் கேட்காமல் போகுமா என்பது சோதித்துப் பார்க்கத் தகுந்த, விடை கிடைத்தால் ஆறு மாதத்தை மிச்சப்படுத்தக்கூடிய கேள்வி. திசு கையில் இருப்பதால் ரத்தத்தின் குழப்பங்கள் எதுவும் இங்கே கிடையாது.

நம் நோயாளியின் மகளுக்கு வயது 31, எடை 78 கிலோ, ஆண்டுக்கு மூன்று தடவைதான் மாதவிலக்கு. லின்ச் இல்லாததால் மரபணுப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்லப்பட்டது. ஆனால் அம்மாவுக்கு இருந்த அதே எதிர்ப்பில்லாத ஈஸ்ட்ரோஜன் அவருக்கும் உண்டு. ஸ்கேன் செய்து, சர்க்கரை பார்த்து, மூன்று மாதத்துக்கு மேல் தீட்டு வராமல் போனால் புரோஜெஸ்டிரோன் மாத்திரையால் வரவழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாள் தவறி, இடைப்பட்டு, அதிகமாக என்று எப்படி உதிரம் பட்டாலும் வெந்தயத்துக்கு முன் ஸ்கேனுக்கு வரச் சொல்லி, குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கும் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.